தரைப் பாத்தியா, மேசைமேல் பையா?

காரைக்குடிப் பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளியில் தோட்டம் போட நினைத்தால் முதலில் எழும் கேள்வி இது.

தரை என்றால் நம்ம ஊர் செம்மண், சரளை கலந்தது. வெயில் காலத்தில் கடப்பாரை கேட்கும். ஆனால் ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று ஓடும் பிள்ளைக்கு அந்தக் கடினமே உதவி. கொத்தி, வாளி தூக்கி, தோளில் பளு ஏற ஏறப் பல பிள்ளைகள் தானாக அடங்குவதைப் பார்க்கலாம்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குத் தரை எட்டாது. இரண்டரை அடி உயர மேசை, அடியில் முழங்கால் நுழைய இடம், மேலே தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகள். ஈரமண் விரலில் ஒட்டினாலே கையை உதறும் ஆட்டிசப் பிள்ளைகள் சிலர் நார்க்கழிவைத் தயங்காமல் தொடுவார்கள். வெந்தயம் போட்டால் மூன்று, நான்கு நாளில் முளை தெரியும். சித்திரையில்தான் சிக்கல்: பை சீக்கிரம் காய்ந்துவிடும், இருவேளையும் தண்ணீர் வேண்டும். சனி, ஞாயிறு யார் ஊற்றுவது?

செலவு பைக்குத்தான் கூடுதல். இருந்தாலும் ஒன்றுதான் முடியும் என்றால் நான் மேசையையே எடுப்பேன். எல்லாப் பிள்ளையும் கை வைக்கலாம். எதுவானாலும் அரளி வேண்டாம், அது விஷம். கற்பூரவல்லி வையுங்கள், இலையைக் கசக்கி மோந்து பார்க்கட்டும்.