மூன்றாவது குளிர்பதனப் பெட்டி: இரண்டு கோடைகளுக்குப் பின்

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது குளிர்பதனப் பெட்டி இது. 240 லிட்டர் கொள்ளளவும் இரட்டைக் கதவும் கொண்ட இதன் பின்புறத்தில், உள்ளே குளிரூட்டும் வாயுவின் பெயராக ‘ஆர்-600ஏ’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாத்தா வாங்கிய பெட்டியில் ஆர்-12 என்றும், அடுத்ததில் ஆர்-134ஏ என்றும் இருந்தன.

இந்த எண்கள் மாறியது நிறுவனங்களின் பெருந்தன்மையால் அன்று. ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்த பின் 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. 1992இல் அதில் இணைந்த இந்தியா, 2003 முதல் புதிய பெட்டிகளில் அந்த வாயுவைத் தடை செய்தது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாவிட்டாலும், கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது என்பதால் அதன் பயன்பாட்டையும் குறைக்க 2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நாடுகள் உடன்பட்டன. இப்போதைய ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். அடுப்பெரிவாயுவுக்கு நெருங்கிய உறவு. இரண்டு கேடுகளும் இதில் மிகக் குறைவு, ஆனால் தீப்பற்றும். ஆகவே ஒரு பெட்டிக்குச் சில பத்து கிராம்களே அடைக்கிறார்கள்.

பயன்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. இட்லி மாவு நான்கு நாள் புளிக்காமல் இருக்கிறது; கம்ப்ரசரின் உறுமல் பழைய பெட்டியில் பாதிகூட இல்லை. காய்கறித் தட்டுதான் மெலிந்த பிளாஸ்டிக், கீரைக்கட்டு இரண்டு வைத்தாலே வளைகிறது. வாங்குவோர் மின்சிக்கன முத்திரையில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், அதிலேயே உள்ள ஆண்டு மின் யூனிட் அளவைப் பார்ப்பது நல்லது. தர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், சில ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

பழுது பார்ப்பதில்தான் சிக்கல். பதினான்காம் மாதம் வாயு கசிந்தபோது, இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வரும் மெக்கானிக், “இந்த கேஸ் இருக்கிற குழாயில் நெருப்பு வைக்க மாட்டேன், சார்” என்று கைவிரித்துவிட்டார். அவர் செய்தது சரியே. நிறுவனத்தின் ஆள் வர ஒன்பது நாள் ஆயிற்று. கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் தந்தவர்கள் வாயு நிரப்பத் தனியே பணம் கேட்டார்கள். பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், சேவைக்கு இரண்டுதான்.

பழைய பெட்டியை மாற்றுச் சலுகையில் எடுத்துச் சென்ற கடைப் பையனிடம், அதிலுள்ள ஆர்-134ஏ வாயுவை யார் மீட்டெடுப்பார்கள் என்று கேட்டேன். டெம்போவில் கயிறு கட்டிக்கொண்டே, “காயலான் கடையில் குழாயை வெட்டினால் அதுவே போயிடும், சார்” என்றான்.