எஸ்பிஎம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆங்கில அகராதி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில், ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி கட்டாயம் இருக்கணும். 'ரன்' என்ற ஒரு சொல்லைத் திறந்தாலே அருமை தெரியும். பஸ் ஓடுது, கடை ஓடுது என்று நாமும் சொல்வதால் அவை சட்டென்று பிடிபடும். மூக்கு ஒழுகுவதும் 'ரன்'தான். 'வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்' வந்தால்தான் "பாலைவிட்டு வெளியே ஓடினோம்" என்று பிள்ளைகள் எழுதிவைக்கிறார்கள். பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் பொருளோடு நிறுத்துவதே காரணம்.

முதலில் வினையா பெயரா என்று பார்க்கணும். பிறகு பொருள்களுக்கு மேலுள்ள சிறு தலைப்புகளை மட்டும் மேய்ந்து, பொருந்துவதில் நிற்கணும். 'ரன் அவுட்', 'ரன் இன்டு' போன்றவை கடைசியில் தனியாக இருக்கும். இந்த அகராதியில் தமிழ் விளக்கம் கிடையாது, எழுத்தும் பொடி. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.