ஆல்பா பிளாக்கரும் பீட்டா பிளாக்கரும்: எது யாருக்கு?

வேலூர் மருந்துக் கடைகளில் இரண்டுக்குமே 'பிரஷர் மாத்திரை' என்றுதான் பெயர். ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைப் போட்டால் ஆபத்து.

அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளை இரண்டும் அடைக்கின்றன. வேறுபாடு இடத்தில். ஆல்பா-1 ஏற்பிகள் ரத்தக் குழாய்ச் சுவரிலும், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியிலும் உண்டு. அடைத்தால் தசை தளரும், குழாய் விரியும், சிறுநீர் தடையின்றி வரும். பீட்டா-1 இதயத்தில், அடைத்தால் துடிப்பு குறையும். பீட்டா-2 மூச்சுக் குழாயில்; அதையும் சேர்த்து அடைக்கும் ப்ராப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

பிரஷர் மட்டும்தான் பிரச்சினை என்றால் இரண்டுமே முதல் தேர்வு அல்ல. மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலிக்காரர், இதயம் பலவீனமானவர் என்றால் பீட்டாதான். இதயம் பலவீனமானால் கார்வெடிலாலை 3.125 மி.கி., தினம் இருவேளை, உணவோடு தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

வயதான ஆண் புராஸ்டேட் தொல்லையால் சிறுநீர் கழிக்க இரவில் நான்கு முறை எழுகிறார் என்றால் ஆல்பா: தாம்சுலோசின் 0.4 மி.கி., சாப்பிட்டு அரை மணி கழித்து. ப்ராசோசினின் முதல் மாத்திரையைப் படுக்கும்போது போட வேண்டும். சட்டென்று எழுந்தால் பிரஷர் விழுந்து மயக்கம் வரும். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது இது இன்னும் மோசம். கண்புரை அறுவைக்குப் போகும்முன் தாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருவிழித்திரை தளர்ந்து அறுவை சிக்கலாகும். முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள்.

பீட்டாவின் சிக்கல் வேறு. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். மாத்திரை தீர்ந்துவிட்டதென்று திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி திரும்பலாம். நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டுக்குமான வேறுபாட்டைச் செந்தேள் கொட்டிய உடம்பில் கண்கூடாகப் பார்க்கலாம். கல் குவியலைப் புரட்டும்போது கொட்டு வாங்கியவரின் கைகால் சில்லிட்டு, உடம்பு வியர்த்துக் கொட்டும். விஷம் அட்ரினலினை வெள்ளமாய்த் திறந்துவிட்டதன் அடையாளம் அது. மகாராஷ்டிரத்தின் மஹாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் காட்டிய வழி ப்ராசோசின்: கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வாய்வழி, கைகால் சூடாகும்வரை மூன்று மணிக்கு ஒருமுறை, மருத்துவமனைக் கண்காணிப்பில். துடிப்பு வேகமாக இருக்கிறதே என்று பீட்டா பிளாக்கர் கொடுத்தால், குழாய்கள் இறுகியபடியே இருக்க, தவிக்கும் இதயம் மேலும் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும்.