மெத்தோட்ரெக்ஸேட், அடலிமுமாப் ஊசி, டோஃபாசிடினிப்: வருடக்கணக்கில் எது தாங்கும்?

நான் மெத்தோட்ரெக்ஸேட் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடக்குவாதத்துக்குப் பல வருடமாக அதைத்தான் சாப்பிடுகிறேன், கூடவே ஹைட்ராக்சிகுளோரோகுவினும் சல்ஃபசலசினும். நடுவில் ஒரு கட்டத்தில் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதவில்லை, காலையில் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அப்போது டாக்டர் மூன்று வழி சொன்னார்: இன்னும் இரண்டு மாத்திரை சேர்ப்பது, பயாலஜிக் என்ற, உயிரணுக்களில் வளர்த்துத் தயாரிக்கும் மருந்து ஊசிக்குப் போவது, இல்லை டோஃபாசிடினிப். நான் முதல் வழியை எடுத்தேன். என் நாத்தனாருக்கும் இதே நோய்தான், அவள் அடலிமுமாப் ஊசிக்குப் போனாள். இரண்டையும் ஒரே வீட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருவதால் எழுதுகிறேன். யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக மருந்தை மாற்ற வேண்டாம், உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

பலனைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை, ஏனென்றால் பலரும் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. 2013-ல் வெளியான ராகாட் என்ற ஆய்வு என் நிலைமைக்கு அப்படியே பொருந்தியது. மெத்தோட்ரெக்ஸேட் போதாமல் போன 353 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு நான் சாப்பிடும் இதே மூன்று மாத்திரைகள், மறு பாதிக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு எடனர்செப்ட் என்ற பயாலஜிக் ஊசி. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. 24 வாரத்தில் பலன் போதாமல் எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டி வந்தவர்கள் இரண்டு குழுவிலும் 27 சதவீதம். 48 வாரத்தில் பார்த்தால் மாத்திரை ஊசிக்குச் சளைத்ததாக இல்லை. ஆனால் 48 வாரம் என்பது பத்து வருடம் இல்லை. ஸ்வீடனில் நடந்த ஸ்வெஃபாட் ஆய்வில் இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது, இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற இன்னொரு பயாலஜிக் ஊசி போட்டவர்களின் எலும்பு அரிப்பு மாத்திரைக்காரர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது. வலியிலும் வீக்கத்திலும் அந்த அளவு வித்தியாசம் இல்லை. நோய் வேகமாக எலும்பைத் தின்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு எக்ஸ்ரேயில் அப்போது அரிப்பு எதுவும் இல்லை.

விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெத்தோட்ரெக்ஸேட் மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அடலிமுமாப்புக்கு 2014 டிசம்பரிலேயே இந்தியத் தயாரிப்பு வந்துவிட்டது, அதனால் முன்பு இருந்த விலை இப்போது இல்லை, ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஆயிரங்களில்தான் போகும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். இந்த மருந்துகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் கெடுதல் செய்யக்கூடியவை. அந்தக் கெடுதல் வரும்போது முன்கூட்டியே தெரியுமா, தெரிந்தால் திரும்பிவர வழி உண்டா என்பதுதான் வருடக்கணக்கில் சாப்பிடப்போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். கல்லீரலைத் தொட்டால் எஸ்.ஜி.பி.டி. ஏறும், எலும்பு மஜ்ஜையைத் தொட்டால் வெள்ளையணு இறங்கும், சிறுநீரகம் சுணங்கி மருந்து உடம்பில் தங்க ஆரம்பித்தால் கிரியேட்டினின் காட்டிக்கொடுக்கும். மூன்றும் எந்தச் சின்ன ஊர் லேபிலும் எடுக்கக்கூடிய பரிசோதனை. ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, டோஸ் நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எனக்கு ஒரு தடவை எஸ்.ஜி.பி.டி. இயல்பைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது. டாக்டர் வாரம் 20 மில்லிகிராமை 15 ஆக்கினார், அடுத்த ரிப்போர்ட்டிலேயே இறங்கிவிட்டது. உடம்புக்கு அதுவரை ஒன்றுமே தெரியவில்லை, காகிதத்தில் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் நான் இத்தனை வருடம் இந்த மருந்தைச் சாப்பிடுகிறேன்.

நோய் இருப்பவர்களிடம் எது மருந்தின் வேலை, எது நோயின் வேலை என்று பிரிப்பது கஷ்டம். அதற்கு எதிர்பாராத வழியில் ஒரு விடை கிடைத்தது. மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க, முடக்குவாதமே இல்லாத சுமார் 4,800 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் சர்ட் என்று ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு மெத்தோட்ரெக்ஸேட், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2018-ல் முடிவு வந்தது, மாரடைப்புக்கு அதனால் பலன் இல்லை. ஆனால் பக்கவிளைவுக் கணக்கு சுத்தமாகக் கிடைத்தது: கல்லீரல் என்சைம் ஏற்றம், வெள்ளையணுக் குறைவு, சிலவகைத் தோல் புற்றுநோய் கொஞ்சம் கூடுதல். இல்லாத பயமும் இல்லை, இல்லாத தைரியமும் இல்லை. அதில் சேர்ந்தவர்கள் சர்க்கரை நோயோ, மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற தொப்பை, கொழுப்பு, ரத்த அழுத்தம் சேர்ந்த கோளாறோ உள்ள இதய நோயாளிகள் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் லேபுக்குப் போவதைத் தள்ளிப்போடவே கூடாது. குடிப்பவர்களுக்கு இந்த மருந்தைப் பரிந்துரைக்க நான் தயாரில்லை.

மறு பக்கம், அமெரிக்காவின் விசிட்டா நகரில் 1,240 முடக்குவாத நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்கில், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டவர்களின் இறப்பு மற்றவர்களைவிட 60 சதவீதம் குறைவு, அதிலும் இதய நோய் இறப்பு 70 சதவீதம் குறைவு. குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை இது, அதனால் முழுப் புகழும் மருந்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் ஆயுள் குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம். இன்னொன்று, இந்த மருந்தை லெடர்லி நிறுவனத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்காக வந்த மருந்து, முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி 1988-ல்தான் கிடைத்தது.

பராமரிப்பு என்று பார்த்தால் மெத்தோட்ரெக்ஸேட்டில் உண்மையான ஆபத்து அலமாரியில் இருக்கிறது. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் மஞ்சள், இதுவும் மஞ்சள், இரண்டும் பொடிசு. எங்கள் வீட்டில் இரண்டும் வேறு வேறு டப்பாவில், வேறு வேறு தட்டில். ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டதும் தினசரி காலண்டரில் அந்தத் தாளிலேயே பேனாவால் ஒரு வட்டம். புதன்கிழமை ஃபோலிக் ஆசிட், அதற்கு ஒரு கோடு. திங்கள்கிழமை எனக்குக் கொஞ்சம் குமட்டும், சோர்வாக இருக்கும், வாய்ப்புண் எட்டிப்பார்த்தால் டாக்டருக்குச் சொல்லிவிடுவேன். அப்புறம், சிறுநீர்த் தொற்று என்று மெடிக்கலில் கேட்டு கோ-ட்ரைமாக்சசோல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு அது சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், உட்கார்ந்தவுடன் நான் சொல்லும் முதல் விஷயம் இந்த மருந்தின் பெயர்.

சொல்லாமல் வரும் கெடுதல் இதிலும் ஒன்று உண்டு, நுரையீரல் அழற்சி. அரிதுதான், பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வரும், ரத்தப் பரிசோதனை அதைக் காட்டாது. வறட்டு இருமலும் மூச்சுவாங்கலும் புதிதாக வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். கூட்டணி மாத்திரைகளில் ஹைட்ராக்சிகுளோரோகுவினுக்குக் கண் பரிசோதனை உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் சாப்பிட்டால் முதல் பத்து வருடத்தில் விழித்திரை கெடும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழ், இருபது வருடம் தாண்டினால் கிட்டத்தட்ட 20 சதவீதம். அதையும் பார்வை மங்குவதற்கு முன்பே ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியும். ஐந்து வருடம் ஆனபின் வருடா வருடம் கண் டாக்டரைப் பார்ப்பது அதற்குத்தான்.

ஊசிக்கு வருகிறேன். நாத்தனாருக்கு அது வேலை செய்த வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன், சில வாரங்களில் "அண்ணி, இன்னைக்கு நானே தோசைமாவு கரைச்சேன்" என்றாள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புற்றுநோய் வரும் என்று ஆரம்பத்தில் இருந்த பயமும் பெரிய அளவில் உண்மையாகவில்லை, பல நாட்டுப் பதிவேடுகளில் மொத்தப் புற்றுநோய்க் கணக்கு கூடவில்லை. என் தயக்கம் காசநோய். டி.என்.எஃப். என்ற பொருள்தான் உடம்பில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்திருக்கிறது, இந்த ஊசி தடுப்பதும் அதைத்தான். 2001-லேயே இதே வகை ஊசியான இன்ஃப்ளிக்ஸிமாப் போட்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததைத் தொகுத்து எச்சரித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது, அதனால் இருமலை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். நாத்தனாருக்கு ஊசிக்கு முன்பு நெஞ்சு எக்ஸ்ரேயும், தூங்கும் காசநோய்த் தொற்றைக் காட்டும் இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், இக்ரா பாசிட்டிவ். முதலில் காசநோய்த் தடுப்பு மாத்திரை ஒரு மாதம், அதற்குப் பிறகுதான் முதல் ஊசி. நெகட்டிவ் வந்திருந்தாலும் கதை அதோடு முடியாது, நாளைக்கு பஸ்ஸில் புதிதாகத் தொற்றலாம். அவள் பள்ளிக்கூட டீச்சர், வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் மனசு அங்கேயே நிற்கிறது என்கிறாள். என் லேப் ரிப்போர்ட் எனக்குக் கொடுக்கும் தைரியத்தை அவளுடைய ரிப்போர்ட் அவளுக்குக் கொடுக்காது, தொற்று அப்படி முன்தகவல் கொடுத்துவிட்டு வருவதில்லை. இன்னொரு விஷயம், அடலிமுமாப்புக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கி அதைச் செல்லாமல் ஆக்கலாம். அதைக் குறைக்கப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள், அவளும் சாப்பிடுகிறாள். ஆக ஊசிக்குப் போனால் மாத்திரையிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டோஃபாசிடினிப் நான் சாப்பிட்டதில்லை, சாப்பிடுகிறவர்கள் சிலரோடு பேசியதோடு சரி. ஊசி வேண்டாம், பலன் வேகம், உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தபின் விலையும் கைக்கு எட்டுகிறது. ஆனால் 2022-ல் வெளியான ஓரல் சர்வெய்லன்ஸ் ஆய்வு என்னைத் தள்ளி நிற்க வைத்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, இதய நோய்க்கான ஒரு காரணமாவது உள்ள 4,362 பேரைச் சுமார் நான்கு வருடம் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிடினிப்பில் 3.4 சதவீதம், டி.என்.எஃப். ஊசியில் 2.5. புற்றுநோய் 4.2, ஊசியில் 2.9. அக்கி வருவதும் கூடுதல். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ரத்த அழுத்தமும் இருக்கிறது, அந்த ஆய்வில் நான் நேராகப் பொருந்துகிறேன். நாற்பது வயதுக்குக் கீழே, புகைப்பழக்கமோ இதயக் கோளாறோ இல்லாதவர்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது, அவர்களிடம் இது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கட்சி செல்லாத இடம் ஒன்று உண்டு. குழந்தை பெற நினைப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கூடவே கூடாது, கருவைச் சிதைக்கும். கருத்தரிக்க முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். லெஃப்ளுனமைடு என்ற இன்னொரு முடக்குவாத மாத்திரையும் அவர்களுக்குக் கூடாது. ஹைட்ராக்சிகுளோரோகுவினும் சல்ஃபசலசினும் தொடரலாம், டி.என்.எஃப். ஊசிகளில் செர்டோலிசுமாப் பெரும்பாலும் நஞ்சுக்கொடியைக் கடக்காது. கல்யாணமான இளம்பெண் இந்த நோயோடு வந்தால் முதல் நாளே டாக்டரிடம் பேச வேண்டியது இதைத்தான், மாமியார் பக்கத்தில் இருந்தாலும் சரி.

ஸ்டீராய்டை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஆரம்பத்தில் மற்ற மருந்து வேலை செய்யும் வரை சில வாரம் தேவைப்படலாம், மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்தப் பார்ப்பதுதான் ஐரோப்பிய வழிகாட்டியும் சொல்வது. ஸ்டீராய்டு ஊசி போட்டதும் மறுநாளே எழுந்து நடக்க வைக்கும் கிளினிக்குகளைத் தேடிப்போய் வருடக்கணக்கில் அதிலேயே ஓட்டி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி வருகிறவர்களை ஆஸ்பத்திரி வரிசையில் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நன்றாக இருக்கும்போது குறைக்கலாமா என்பதற்கு நார்வேயில் நடந்த ஆர்க்டிக் ரிவைண்ட் ஆய்வு பதில் தருகிறது. நோய் அடங்கி ஒரு வருடம் ஆனவர்களில் மாத்திரை டோஸைப் பாதியாக்கியவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, குறைக்காதவர்களில் 6 சதவீதம். அதனால் நான் குறைக்கவில்லை. அதே போல, ஒரு மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை, ஆறு மாதத்தில் நோய் அடங்கவில்லை என்றால் மாற்ற வேண்டும், அதற்குப் பிறகும் மெத்தோட்ரெக்ஸேட்டைப் பிடித்துத் தொங்கினால் மூட்டு கோணிவிடும், கோணியது திரும்பாது. எனக்கு நாளைக்கு அந்த நிலைமை வந்தால் ஊசிக்குப் போவேன். அடலிமுமாப்பைவிடக் காசநோய் ஆபத்து குறைவு என்று பிரிட்டிஷ் பதிவேடு காட்டிய எடனர்செப்ட்டைத்தான் முதலில் கேட்பேன்.