பெட்டிக்குள் வந்த மொக்கிங்பேர்ட்

ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலின் சேகரிப்பாளர் பதிப்பை வெள்ளவத்தையில் ஒரு புத்தகக்கடையில் வாங்கினேன். விலை 18,500 ரூபா. "இந்தக் காசுக்கு ஒரு அலுமாரியே வாங்கியிருக்கலாம்" என்றா மனுசி. அதுவும் நியாயம்தான்.

துணி அட்டை, தைத்த கட்டு, கெட்டியான பெட்டி. மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடாது. படுத்துக்கொண்டு வாசிக்கத்தான் பாரம் விடாது. எழுத்து பெரிசு, என் கண்ணாடிக்குத் தோதாக இருக்கு.

படங்கள் கொஞ்சம்தான், பாதி வெறும் அலங்காரம். ஆனால் நீதிமன்றப் படம் ஒன்றே போதும். கறுப்பின மக்கள் இருக்கவேண்டிய மேல்மாடத்தில் கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட்டும் அவளுடைய அண்ணன் ஜெம்மும் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே, வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியை வன்புணர்ந்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் டொம் ரொபின்சன். சின்ன வயதில் பஞ்சு இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்த அவனுடைய இடக்கையை ஓவியர் நிழலில் ஒளிக்காமல் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார். வழக்கே அந்தக் கையில்தானே நிற்கிறது! அந்தப் பெண்ணை அடித்தவன் இடக்கைக்காரன் என்று, டொம்முக்காக வாதாடும் ஸ்கவுட்டின் அப்பா அற்றிக்கஸ் காட்டியும், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி டொம்மைக் குற்றவாளி என்கிறது. அந்தப் பக்கத்தை இந்த முறையும் வேகமாகக் கடக்க முடியவில்லை.

குறை: முன்னுரை சப்பென்று இருக்கு. பக்க விளிம்பின் பொன்பூச்சு விரலில் ஒட்டுது. கடற்கரைப் பக்கம் வீடென்றால் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா பக்கற் போடுங்கோ, உப்புக்காற்று துணி அட்டையைச் சும்மா விடாது.

முதல்முறை வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சாதாரண பேப்பர்பேக் போதும்.