மைத்தானியின் மூன்று கேமராக்கள்: பென், ஓஎம்-1, எக்ஸ்ஏ

பழைய ஃபிலிம் கேமரா தேடி ஒலிம்பஸ் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வந்து மாட்டுவார்கள். மூன்றுமே ஒரே ஆளின் கைவண்ணம், 1956-ல் ஒலிம்பஸில் சேர்ந்த கேமரா வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைத்தானி.

1959-ல் வந்த பென்னை 6,000 யென்னுக்கு விற்க வேண்டும் என்பது இலக்கு. மைத்தானி சொந்தமாக ஜெர்மனியின் லைக்கா கேமரா வைத்துப் படம் எடுத்தவர், அதனால் லென்ஸில் கஞ்சத்தனம் பண்ண மனசு வரவில்லை. லென்ஸுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் சுருக்கினார். பாதி அளவுப் படம் என்பதால் 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். இன்றைய ஃபிலிம் விலைக்கு இது வரம்தான், ஆனால் ஒரு சுருள் முடிவதற்குள் முதல் படம் என்னவென்றே மறந்துபோகும். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரும் இல்லை, தூரத்தையும் குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டும்.

ஓஎம்-1 வேறு ரகம். 1972-ல் எம்-1 என்று வந்தது, லைக்கா ஆட்சேபிக்கவே பெயர் மாறியது. அன்றைய எஸ்எல்ஆர்கள் (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து எடுக்கும் கேமராக்கள்) செங்கல் மாதிரி இருந்தபோது இது லென்ஸ் இல்லாமல் 510 கிராம்தான், அப்படியும் வியூஃபைண்டர் மட்டும் ஜன்னல் போலப் பெரியது. ஷட்டர் வேக வளையம் லென்ஸ் பொருத்தும் மவுண்ட்டைச் சுற்றி இருப்பதால் முதல் வாரம் விரல் மேலே தேடும், அப்புறம் மற்ற கேமராதான் விசித்திரமாகத் தெரியும். பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், மீட்டர் மட்டும் படுத்துவிடும். அதற்கான மெர்குரி பேட்டரி இப்போது வருவதில்லை, மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். வாங்குமுன் வியூஃபைண்டரில் கண் வைத்துப் பாருங்கள், காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான ப்ரிஸத்தைச் சுற்றியுள்ள பழைய ஃபோம் மக்கி வெள்ளிப் பூச்சை அரித்திருக்கலாம்.

1979-ன் எக்ஸ்ஏவுக்கு உறையும் வேண்டாம், லென்ஸ் மூடியும் வேண்டாம், முன்பக்கத்தைத் தள்ளினால் திறந்துகொள்ளும். சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராவில், தூரத்தைத் துல்லியமாகப் பார்த்து ஃபோகஸ் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரையும், ஃபோகஸ் பண்ணும்போது வெளியே நீளாத 35 மி.மீ. லென்ஸையும் திணித்திருக்கிறார். குறை இல்லாமல் இல்லை: பேட்டரி போனால் வெறும் பொம்மை, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தால் படத்தின் மூலைகள் இருளும், சிவப்பு ஷட்டர் பொத்தானோ விரல் பட்டாலே சொடுக்கிவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஓஎம்-1, அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் தினமும் கூடவே வரப்போவது எக்ஸ்ஏதான். ஒன்று மட்டும், அடுத்த வருடம் வந்த எக்ஸ்ஏ2 வெளியே கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர் இருக்காது, தூரத்துக்கு மூன்று நிலைதான். காசு கொடுக்குமுன் கேமராவில் உள்ள பெயரைப் படித்துவிடுங்கள்.