முடக்குவாத மாத்திரைகளோடு இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்: ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு

16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது என்ற கணக்கை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். காலை டிபனை விட்டுவிட்டு மதியம் 12 மணிக்குச் சாப்பிடத் தொடங்குவதுதான் இதில் வழக்கமான முறை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கும் ஆர்.ஏ. என்கிற முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது தோதுப்படாது. நேரத்தை முடிவு செய்வது நம் மாத்திரை டப்பாதான்.

என் டப்பாவில் இருப்பவை: நோயை அடக்க வாரம் ஒருமுறை மட்டும் மெத்தோட்ரெக்ஸேட், அதன் பக்கவிளைவைக் குறைக்க வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட், நோயை அடக்கவே தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். வீக்கம் அதிகமானால் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. எனக்கு வயது 44, உயரம் குறைவு. ஸ்டீராய்டு ஓடிய காலத்தில் எடை 81 கிலோ வரை போய்விட்டது. அந்த மாத்திரை கொடுக்கும் பசி இருக்கிறதே, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் இங்கே தட்டைத் தேடும் பசி.

தொடங்குவதற்கு முன்பே மூட்டு டாக்டரிடம் கேட்டேன். "காலையில சாப்பாட்டை விடாதம்மா, ராத்திரியை விடு" என்றார். காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டைக் காலையில், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். இரவில் போட்டால் தூக்கம் கெடும். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றுப்புண்ணில் கொண்டுபோய் விடும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சாப்பாட்டோடு போனால்தான் குமட்டாது. அது சிலருக்கு ரத்தச் சர்க்கரையையும் இறக்கும் என்பதால், கை நடுங்கிப் படபடப்பு வந்தால் விரதம் கிரதம் என்று பார்க்காமல் உடனே எதையாவது சாப்பிடச் சொன்னார். அதனால் என் சாப்பாட்டு நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை. அதாவது 14 மணி நேர விரதம். 16 இல்லை.

காலைப் பட்டினியை விட இரவுப் பட்டினி நம் ஊரில் கஷ்டம். எனக்கு மண்ணடியில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் கணக்கு வேலை. ஐந்தரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்து சப்பாத்தியோ சுண்டலோ முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகள் களைகட்டுவது சரியாக அந்த நேரத்தில்தான். அதைக் கடந்து மெட்ரோ பிடித்து தண்டையார்பேட்டை வந்தால், வீட்டில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். "மாத்திர சாப்புடுற உடம்பு, வெறும் வயித்தோட படுத்தா என்னாத்துக்கு ஆவும்?" என்று அத்தை பல மாதம் விடவில்லை. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டியெல்லாம் அவரைச் சமாதானப்படுத்த முடியாது. என் ரவிக்கைகள் தொளதொளத்த பிறகு தானாகவே நிறுத்திவிட்டார்.

மெத்தோட்ரெக்ஸேட் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு போடுகிறேன். அன்றைக்கு விரதம் கிடையாது, இரவு இரண்டு இட்லியாவது உண்டு. மறுநாள் வயிறு புரட்டும், வாய் கசக்கும். ஞாயிறு காலை காசிமேட்டிலிருந்து சங்கராவும் நெத்திலியும் வாங்கி வருவது எங்கள் வீட்டில் தப்பாத வழக்கம். அந்த வாடை எனக்கு அன்று மட்டும் ஆகாது. மதியம் மோர்ச்சோறோடு முடித்துக்கொள்வேன். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் விரத நேரத்திலும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மே மாத வெயிலில் இது இன்னும் முக்கியம். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் டாக்டர் எழுதித் தரும் டெஸ்ட்டுகளை, எடை குறைகிற சந்தோஷத்தில் தள்ளிப்போடவும் கூடாது.

இப்போது எடை 72. ஆனால் அந்த 9 கிலோவையும் விரதத்தின் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதே காலத்தில்தான் டாக்டர் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். ராத்திரி ஒன்பது மணி பரோட்டாவும் நின்றது. எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாது.

மூட்டுக்கு என்ன ஆனது? முழங்கால் நன்றாக இருக்கிறது. மெட்ரோ படிக்கட்டில் கைப்பிடி தேடுவதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து 2005இல் வந்த ஓர் ஆய்வில், 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது என்று கண்டார்கள். என் கால் அதை ஒப்புக்கொள்கிறது. விரல்கள் வேறு கதை. காலை விறைப்பு முன்பை விடச் சீக்கிரம் விடுகிறது என்றாலும், போன மழைக்காலத்தில் மணிக்கட்டு வீங்கத்தான் செய்தது. மறுபடி கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, விரதத்துக்கு லீவு, எடையில் 2 கிலோ ஏற்றம். அப்புறம் இறங்கியது.

"பட்டினி கிடந்தால் முடக்குவாதம் ஓடிவிடும், மாத்திரையே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நார்வே ஆய்வில், 7 முதல் 10 நாள் மூலிகைத் தேநீர், காய்கறிச் சாறு போன்றவற்றை மட்டும் குடித்து, அதன்பின் ஒரு வருஷம் சைவ உணவில் இருந்தவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன. ஆனால் விரதத்தால் மட்டும் வரும் நிம்மதி, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் போய்விடும் என்பதும் தெரிந்ததுதான். மாத்திரையை நிறுத்தினால் மூட்டு எலும்பை நோய் உள்ளே சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே போகும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.

இன்னொன்று, புரதம். இந்த நோயும் ஸ்டீராய்டும் ஏற்கெனவே தசையைக் கரைப்பவை. சாப்பிடும் நேரத்தைக் குறைத்துவிட்டு அதிலும் இட்லி, சாதம் என்றே போனால் தசையும் சேர்ந்து இறங்கும். எனக்குக் காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன் அல்லது கொண்டைக்கடலை கட்டாயம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

பொங்கலுக்குப் பிறகு எடை 72லேயே நிற்கிறது. 16 மணி நேரத்துக்கு இழுத்துப் பார்க்கலாமே என்கிறார்கள். இழுத்தால் காலை மாத்திரை தள்ளிப்போகும், எனக்கு அது வேண்டாம். கல்யாண ரிசப்ஷன் இரவு எட்டு மணிக்கு என்றால் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.